எவர்கிளேட்ஸ்: அலிகேட்டரையும் முதலையையும் ஒரே நாளில் பிரித்துப் பார்க்க, ராயல் பாம் முதல் பிளமிங்கோ வரை

அலிகேட்டரும் முதலையும் காட்டில் ஒரே வட்டாரத்தில் வாழ்வது உலகத்திலேயே ஒரே இடத்தில்தான். அமெரிக்காவில் புளோரிடா மாநிலத்தின் தென்கோடி அது. அங்குள்ள எவர்கிளேட்ஸ் தேசியப் பூங்காவில், ஹோம்ஸ்டெட் பக்க வாசலில் நுழைந்து பிளமிங்கோ வரை போகிற 38 மைல் (சுமார் 61 கி.மீ.) சாலையைப் பற்றியது இந்த மதிப்பீடு. தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். டிசம்பர் முதல் ஏப்ரல் வரை போனால் கொடுத்த காசுக்கு மேலேயே கிடைக்கும். ஜூன், ஜூலையில் போனால் கொசுவுக்கு விருந்து வைத்துவிட்டுத் திரும்பலாம். படகுச் சவாரி இருந்தால் நல்லது, கட்டாயமில்லை. நன்னீர்ச் சதுப்பில் சீறிக்கொண்டு ஓடும் ஏர்போட் சவாரியோ, முதலையைப் பார்ப்பதுதான் நோக்கம் என்றால், வேண்டவே வேண்டாம். அது காட்டுவது பெரும்பாலும் அலிகேட்டரை மட்டும்தான்.

இனி இங்கே 'முதலை' என்று வரும் இடமெல்லாம் அமெரிக்க முதலை என்று கொள்ளுங்கள். நம்மூர் முதலையைச் சொல்லும்போது தனியாகச் சொல்கிறோம்.

நுழைவுக் கட்டணம் ஒரு காருக்கு 35 டாலர், 7 நாள் செல்லும். பணத்தாள் வாங்குவதில்லை, கார்டு கையில் இருக்கட்டும். 2026 தொடக்கத்திலிருந்து, அமெரிக்காவில் வசிக்காதவர்களில் 16 வயது நிரம்பியவர்களுக்கு ஆளுக்கு 100 டாலர் கூடுதலாக வைத்திருக்கிறார்கள். அவர்களுக்கான ஆண்டுச் சீட்டு 250 டாலர். ஊரிலிருந்து அப்பா அம்மாவை அழைத்து வந்து சுற்றிக்காட்டுகிறவர்கள், எத்தனை பேர், இன்னும் எத்தனை தேசியப் பூங்கா என்று கணக்குப் போட்டுவிட்டு எதை வாங்குவது என்று முடிவு செய்யுங்கள். கட்டண விதி அடிக்கடி மாறுகிறது. கிளம்புமுன் பூங்காவின் இணையதளத்தை ஒரு தடவை பார்த்துவிடுவது நல்லது.

நம்மவர்களுக்கு என்று தனியாக ஓர் எச்சரிக்கை உண்டு. 'மூஞ்சி அகலமாக, U மாதிரி இருந்தால் அலிகேட்டர். கூம்பி V மாதிரி இருந்தால் முதலை' என்பதுதான் எல்லாரும் மனப்பாடம் செய்து வைத்திருக்கும் விதி. அமராவதி அணையிலோ, வடநெம்மேலியில் 1976-இல் தொடங்கிய முதலைப் பண்ணையிலோ, இலங்கையில் யால, வில்பத்துக் குளங்களிலோ சதுப்பு முதலையைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இந்த விதி காலை வாரிவிடும். முதலைப் பேரினத்திலேயே மிக அகலமான மூஞ்சி நம் சதுப்பு முதலைக்குத்தான். அந்த நினைப்போடு போகிறவர் அலிகேட்டரைப் பார்த்ததும் 'இது நம்மூர் முதலைதானே' என்பார். அமெரிக்க முதலையின் ஒல்லி மூஞ்சியைப் பார்த்ததும் இது வேறு ஏதோ என்று குழம்புவார். ஆகவே மூஞ்சியைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர், நிறம், பல், அதன்பின் மூஞ்சி. பார்க்க வேண்டிய வரிசை இதுதான். இந்தச் சாலையே அந்த வரிசைக்கு ஏற்றாற்போல் நன்னீரில் தொடங்கி உப்புநீரில் முடிவது இதன் பெரிய பலம்.

முதல் நிறுத்தம் ராயல் பாம். வாசலிலிருந்து சுமார் 4 மைல் தள்ளி இடப்பக்கம் திரும்ப வேண்டும். அங்கிருந்து புறப்படும் ஆனிங்கா நடைபாதை போய்வர மொத்தம் 0.8 மைல், அதாவது 1.3 கி.மீ. பாதி தார், பாதி மரப்பலகை. சக்கர நாற்காலியும் குழந்தை வண்டியும் தாராளமாகப் போகும். ஆனிங்கா என்பது நம் பாம்புத்தாராவின் உறவுப் பறவை. இறக்கையை விரித்துக் காய வைத்தபடி கைப்பிடிக் கம்பிக்கு அருகிலேயே உட்கார்ந்திருக்கும். டெய்லர் ஸ்லூ என்ற நன்னீர்ப் போக்கு இங்கே சற்று ஆழமாக இருப்பதால், சுற்றுப்பக்கம் வறண்டாலும் இதில் தண்ணீர் நிற்கும். மீன் இங்கே ஒதுங்கும். மீனைத் தேடிப் பறவையும் அலிகேட்டரும் வந்து குவியும். வறண்ட பருவத்தில் போகச் சொல்வதற்குக் கொசு ஒரு காரணம் என்றால், இது அதைவிடப் பெரிய காரணம். மழைக்காலத்தில் எங்கும் தண்ணீர் பரவிவிடுவதால் விலங்குகளும் பரவிப் போய்விடும். அதே நடைபாதையில் வெறும் புல்லைப் பார்த்துவிட்டுத் திரும்புவீர்கள்.

விடியற்காலையிலேயே ஓட வேண்டியதில்லை. பறவைக்கு அது சரி. ஊர்வனவற்றுக்கு வெயில் ஏற வேண்டும். குளிர்காலக் காலையில் காற்றைவிடத் தண்ணீர் வெதுவெதுப்பாக இருப்பதால் அலிகேட்டர் தண்ணீருக்குள்தான் கிடக்கும். 9 மணிக்கு மேல் ஒவ்வொன்றாகக் கரையேறும். 10 மணிக்குப் பலகைப் பாதையில் நின்றால் காலுக்குக் கீழேயே படுத்திருப்பதை மேலிருந்து பார்க்கலாம். அலிகேட்டரின் மூஞ்சி வடிவத்தை மனதில் பதிய வைத்துக்கொள்ள இதைவிட நல்ல கோணம் கிடைக்காது. கண்ணிலிருந்து மூக்கு நுனி வரை அகலம் அதிகம் குறையாமல் போய், நுனியில் உருண்டு முடியும். பக்கவாட்டில் நின்று பார்த்தால் இந்த வடிவம் தெரியவே தெரியாது. அங்கிருந்து எல்லா மூஞ்சியும் நீளமாகத்தான் தெரியும். இன்னொன்று: குட்டி அலிகேட்டரின் மூஞ்சி ஒடுங்கலாகவே இருக்கும், வளர வளரத்தான் அகலும். முழங்கை நீளமே உள்ள ஒன்றை வைத்து மூஞ்சி விதியைச் சோதிக்காதீர்கள். குட்டிக்கு நிறம் போதும். கறுப்பு உடம்பில் பளிச்சென்ற மஞ்சள் பட்டை இருந்தால் அலிகேட்டர். முதலைக் குட்டி சாம்பல் கலந்த வெளிர் உடம்பில் கருமையான பட்டையோடு இருக்கும்.

வளர்ந்ததிலும் நிறம் நல்ல அடையாளம்தான், ஆனால் ஒரு நிபந்தனையோடு. அலிகேட்டர் கருமை. முதலை சாம்பலும் பாசிப் பச்சையும் கலந்த வெளிர் நிறம். வாலில் கரும்பட்டைகள் மங்கலாகத் தெரியும். நிபந்தனை என்னவென்றால், எவர்கிளேட்ஸின் அடித்தளம் சுண்ணாம்புக்கல். அந்த வெண்சேறு உடம்பில் காய்ந்துவிட்டால் கரிய அலிகேட்டரும் சாம்பலாகிவிடும். தூரத்திலிருந்து 'முதலை' என்று கூவி ஏமாறுவது பெரும்பாலும் இப்படித்தான். உடம்பில் ஈரமாக இருக்கும் பகுதியைத் தேடுங்கள். தண்ணீர்க் கோட்டை ஒட்டிய விலாவோ, அப்போதுதான் நனைந்த வாலோ இருக்கும். ஈரத்தில் அலிகேட்டர் கறுப்பாகவே தெரியும். முதலை நனைந்தாலும் அவ்வளவு கறுக்காது.

பல்லுக்கு வருவோம். இங்கே கொஞ்சம் நிதானம் வேண்டும். முதலில் வாய் மூடியிருக்கிறதா என்று பாருங்கள். திறந்திருந்தால் பல்லை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. வெயில் காயும்போது இரண்டுமே வாயைப் பிளந்து வைத்திருக்கும். மூடியிருந்தால், பக்கவாட்டில் நின்று, மூக்குத் துவாரத்துக்குச் சற்றுப் பின்னால் மேல்தாடை உள்வாங்கிப் பள்ளமாகும் இடத்தைத் தேடுங்கள். அந்தப் பள்ளத்தில் கீழ்த்தாடையின் 4-வது பல் வெளியே நிமிர்ந்து நின்றால் முதலை, சந்தேகமில்லை. அலிகேட்டரின் மேல்தாடை கீழ்த்தாடையைவிட அகலம். அதன் கீழ்ப்பற்கள் மேல்தாடையில் உள்ள குழிகளுக்குள் போய் மறைந்துவிடும். 'பல் தெரிந்தால் முதலை' என்று பாதி விதியைப் படித்துவிட்டு வருகிறவர்கள் சறுக்கும் இடம் இதுதான். அலிகேட்டரின் மேற்பற்கள் வரிசையாகக் கீழ்நோக்கித் தொங்குவது நன்றாகவே தெரியும். பல் எந்தத் தாடையிலிருந்து புறப்பட்டு எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கேளுங்கள். கிழட்டு முதலைக்கு அந்த 4-வது பல் விழுந்திருக்கலாம். அப்போதும் மேல்தாடையின் பள்ளம் இருக்கும்.

இதற்கு வெறுங்கண் போதாது. 8x42 பைனாகுலர் ஒன்று எடுத்துப் போங்கள். கைபேசி ஜூமை நம்பிப் போனால் பல் இருக்கும் இடத்தில் வெள்ளையாக ஒரு கறைதான் விழும். படம் எடுப்பதானால் சூரியன் முதுகுப்பக்கம் இருக்கும்படி நின்று, தலையின் முழுப் பக்கவாட்டை ஒன்றும், முடிந்தால் முதுகோடு சேர்த்து ஒன்றும் எடுங்கள். முதுகு எதற்கு என்றால், அலிகேட்டரின் முதுகுச் செதில் மேடுகள் சீரான வரிசையில் ஓடும். அமெரிக்க முதலைக்கு அவை குறைவு, வரிசையும் ஒழுங்கற்றுக் கலைந்திருக்கும். வளர்ந்த முதலைக்குக் கண்ணுக்கு முன்னால், மூஞ்சியின் நடுவில் ஒரு மேடு புடைத்திருப்பதும் நல்ல அடையாளம். தலை மட்டும் தண்ணீருக்கு மேல் இருக்கும்போது பல்லைவிட இதுதான் கைகொடுக்கும்.

செதில்களில் ஊசிமுனைக் குழிபோல் உணர்வுப் புள்ளிகள் உண்டு. முதலைக்கு உடம்பு முழுக்க, அலிகேட்டருக்குத் தாடையைச் சுற்றி மட்டும். ஆய்வுக்கூடத்திலும், தோல் கைப்பை எந்த விலங்கின் தோல் என்று சரிபார்க்கிறவர்களுக்கும் இது உதவும். கரையில் நிற்பவருக்கு உதவாது. அதைப் பார்க்கிற தூரத்துக்குப் போனால் வேறு பிரச்சினை.

ஏப்ரல், மே மாதங்களில் வந்தால் காதுக்கும் வேலை உண்டு. ஆண் அலிகேட்டர் தலையையும் வாலையும் தூக்கி உறுமும்போது, உறுமல் கேட்பதற்குச் சற்று முன்னால் அதன் முதுகுக்கு மேலுள்ள தண்ணீர் துளித்துளியாகத் துள்ளும். நம் காதுக்கு எட்டாத தாழ்ந்த அதிர்வு செய்யும் வேலை அது. ஒன்று தொடங்கினால் சுற்றியிருப்பவை எல்லாம் சேர்ந்துகொள்ளும். இப்படிக் கூட்டமாக உறுமுவது கேட்டால் அங்கே இருப்பது அலிகேட்டர்.

ராயல் பாமில் குறை என்று சொன்னால், வண்டி நிறுத்துமிடம். கறுப்புப் பிணந்தின்னிக் கழுகுகள் கார்களின் வைப்பர் ரப்பரையும் கண்ணாடி ஓர ரப்பரையும் கொத்திப் பிய்த்துவிடும். வேடிக்கையாகச் சொல்வதில்லை, வாடகைக் கார் எடுத்தவருக்கு இது செலவு. மூடிக்கொள்ளத் தார்ப்பாயும் கொக்கிக் கயிறும் பூங்காவே அங்கு வைத்திருக்கிறது. சோம்பல்படாமல் எடுத்துக் கட்டிவிட்டுப் போங்கள்.

அங்கிருந்து பிளமிங்கோவுக்கு ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். அறுக்கும் விளிம்புள்ள புல்வெளி, குட்டை சைப்ரஸ் மரங்கள் என்று போய், பிறகு இருபுறமும் அலையாத்திக் காடு நெருங்கத் தொடங்கும். அந்த மாற்றத்தைக் கவனியுங்கள். நன்னீர் முடிந்து உவர்நீர் தொடங்குவதைச் சாலையோர மரமே சொல்லிவிடுகிறது. அலிகேட்டர்தான் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடிய பகுதி இங்கே முடிகிறது. முதலையின் நாக்கில் உப்பை வெளியேற்றும் சுரப்பிகள் நன்றாக வேலை செய்யும். அதனால் கடலோரத்திலும் கழிமுகத்திலும் அது நிரந்தரமாகக் குடியிருக்கும். அலிகேட்டருக்கு அந்த வசதி இல்லை. உப்புநீரில் இறங்கும், சில நாள் தாங்கும், பிறகு நன்னீரைத் தேடிப் போயாக வேண்டும். இது கோடு போட்ட எல்லை இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள். பெருமழைக்குப் பின் வளைகுடா ஓரத்திலேயே உப்பு குறைந்துவிடும். அப்போது பிளமிங்கோவிலும் அலிகேட்டர் திரியும். முதலையும் கால்வாய் வழியாக நன்னீருக்குள் ஏறி வரும். தண்ணீர் சொல்வது முதல் ஊகம். உறுதி செய்ய நிறமும் பல்லும் வேண்டும்.

வழியிலுள்ள நைன் மைல் பாண்ட், வெஸ்ட் லேக் இரண்டும் இந்த இடைப்பட்ட பகுதியில் இருப்பவை. நேரமிருந்தால் வெஸ்ட் லேக்கில் அலையாத்திக்குள் போகும் பலகைப் பாதையில் ஒரு நடை போகலாம். நேரமில்லாவிட்டால் விட்டுவிடலாம், பெரிய இழப்பில்லை.

பிளமிங்கோ படகுத்துறைதான் இந்தப் பயணத்தின் உச்சம். பட்டன்வுட் கால்வாயை 1957-இல் வெட்டினார்கள். அதன் வழியே கடல்நீர் உள்ளே ஏறி நன்னீர்ப் பகுதியைக் கெடுத்ததால் 1980-களின் தொடக்கத்தில் வாயை அடைத்துத் தடுப்புக் கட்டினார்கள். அதனால் இன்று படகுத்துறை இரண்டு பக்கமாக இருக்கிறது: ஒரு பக்கம் புளோரிடா வளைகுடா, மறுபக்கம் உள்நாட்டுக் கால்வாய். அடைத்த பிறகு உள்ளே உப்பு குறைந்தது. முதலைக் குட்டி பிழைத்து வளர உப்புக் குறைந்த நீர் தேவை. சுற்றுப்பக்கத்தில் முதலைகள் முட்டையிடுவது பெருக இது உதவியது. 1975-இல் அழியும் நிலை விலங்காக அறிவிக்கப்பட்ட புளோரிடா முதலை, 2007-இல் ஆபத்து ஒரு படி குறைந்து அச்சுறுத்தலுக்குள்ளான விலங்கு என்ற நிலைக்கு வந்தது. இன்று வளர்ந்தவை சுமார் 2,000 என்று மதிப்பிடுகிறார்கள். அதே மாநிலத்தில் அலிகேட்டர் 13 லட்சம் அளவுக்கு இருக்கிறது. இந்த விகிதம் மனதில் இருக்கட்டும். சந்தேகம் வந்தால் அலிகேட்டர் பக்கம் சாய்வதே நியாயம்.

முதலையைத் தேட வேண்டிய இடம் கால்வாய்ப் பக்கம், படகு இறக்கும் சாய்தளத்தை ஒட்டிய மண்கரை. குளிர்காலத்து நண்பகலில் அங்கே முதலை வெயில் காய்வது வழக்கமான காட்சி. குளிர் தாங்குவதில் முதலை அலிகேட்டரைவிட மிகவும் பலவீனம். 2010 ஜனவரியில் அடித்த கடுங்குளிரில் புளோரிடாவில் நூற்றுக்கும் மேற்பட்ட முதலைகள் செத்தன. அலிகேட்டர் இன்னும் வடக்கே வட கரோலினா வரைக்கும் வாழ்கிறது. ஆகவே குளிர் வாடையடித்த இரவுக்கு மறுநாள் வெயில் தெளிந்தால், முதலை பார்க்க அது நல்ல நாள்.

இப்போது படகுச் சவாரி. கால்வாய் வழியாகக் கூட் பே, ஒயிட்வாட்டர் பே பக்கம் போய் வரும் சுற்று சுமார் 90 நிமிடம். அலையாத்திக் காட்டை உள்ளிருந்து பார்க்க நல்ல சவாரி. கால்வாயின் ஆரம்பத்தில் கரையோர முதலைகள் படகிலிருந்து பக்கவாட்டில் தெரியும். பல்லைச் சரிபார்க்க அது உகந்த உயரம். உள்ளே போகப் போக மரம் அதிகம், விலங்கு குறைவு. அதனால் எங்கள் யோசனை: முதலில் படகுத்துறைக் கரையில் அரை மணி நேரம் நின்று பாருங்கள். முதலை கண்ணில் பட்டுவிட்டால் சவாரி விருப்பம். படாவிட்டால் சீட்டு வாங்குங்கள். காற்றடித்தால் கரை வெறிச்சோடிவிடும் நாளும் உண்டு, அன்று படகும் பெரிதாக உதவாது. வளைகுடாப் பக்கம் போகும் சவாரி பறவைக்கு. முதலைக்காக அதை எடுக்க வேண்டாம். படகுத்துறையில் கடற்பசுவும் வரும். பழுப்பாக மேலே வந்து மூச்சுவிட்டு மூழ்கும் மூக்கைப் பார்த்து முதலை என்று எண்ணிவிடாதீர்கள்.

எவ்வளவு நெருங்கலாம் என்பதில் பூங்கா விதி தெளிவு: குறைந்தது 15 அடி, அதாவது நாலரை மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். வாலைச் சேர்த்து அளந்துகொள்ளுங்கள். விலங்கு சீறினாலோ, வாயைத் திறந்து உங்கள் பக்கம் திரும்பினாலோ ஏற்கெனவே அதிகம் நெருங்கிவிட்டீர்கள். அமெரிக்க முதலை கூச்சமுள்ளது, புளோரிடாவில் மனிதரைக் கடித்தது மிக அரிது. அரிது என்பதால் கவலையில்லை என்று ஆகாது; 2024 ஜனவரியில் இதே படகுத்துறையில், பாய்மரப் படகு கவிழ்ந்து நீந்திக் கரையேற முயன்ற ஒருவரைக் காலில் கடித்தது. படகுத்துறை விளிம்பில் காலைத் தொங்கப்போட்டு உட்காருவது, மீன் கழுவிய தண்ணீரைக் கொட்டுவது, குழந்தையைச் சாய்தளத்தில் விளையாட விடுவது மூன்றும் கூடாது. தீனி போடுவது சட்டப்படி குற்றம். தீனிக்குப் பழகிய விலங்கு மனிதரைத் தேடி வரத் தொடங்கும், கடைசியில் அதன் உயிர்தான் போகும்.

சாப்பாட்டுக்கு: 2005-இல் புயல்கள் அடித்துப்போன பிளமிங்கோ விடுதி 2023-இல் புதிதாகத் திறந்தது, உணவகமும் உண்டு. சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்கள் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு போவது மேல். பெட்ரோலை ஹோம்ஸ்டெட்டிலோ புளோரிடா சிட்டியிலோ முழுக்க நிரப்பிக்கொள்ளுங்கள். உள்ளே கைபேசி சிக்னலை நம்ப முடியாது, வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வையுங்கள். பூங்காவுக்குப் போகும் வழியில் 'ராபர்ட் இஸ் ஹியர்' என்ற பழக்கடை வரும்; பலாவும் சப்போட்டாவும் அங்கே பார்க்கலாம். முழுக்கைச் சட்டை, கொசு விரட்டி இரண்டும் குளிர்காலத்திலும் பையில் இருக்கட்டும், மாலையானால் பிளமிங்கோவில் தேவைப்படும்.

டாமியாமி நெடுஞ்சாலையிலுள்ள ஷார்க் வேலி வாசலைப் பற்றியும் கேட்பார்கள். 15 மைல் வளையச் சாலை, 2 மணி நேர டிராம் சவாரி, நடுவில் ஒரு பார்வைக் கோபுரம். அலிகேட்டருக்கு அருமையான இடம், ராயல் பாமைவிடக்கூட. ஆனால் அது நன்னீர்ப் புல்வெளி. இரண்டையும் ஒப்பிடும் நோக்கத்துக்கு உதவாது. ஒரே நாளில் இரண்டு வாசலையும் பார்க்கத் திட்டம் போட்டால் பாதி நாள் காரிலேயே போய்விடும்.

பூங்காவை விட்டு வெளியே வந்து ஹோம்ஸ்டெட் பக்கத்துக் கால்வாய்களில் ஒன்றரை மீட்டருக்குள் பழுப்பு நிறத்தில் ஒன்றைக் கண்டால் அவசரப்பட்டுப் பெயர் வைக்காதீர்கள். இரண்டு கண்ணுக்கும் நடுவே மூக்குக் கண்ணாடியின் பாலம் மாதிரி எலும்பு மேடு ஒன்று குறுக்கே ஓடினால், அது அலிகேட்டரும் இல்லை, முதலையும் இல்லை. தென் அமெரிக்காவிலிருந்து செல்லப்பிராணி வியாபாரத்தில் வந்து தப்பிப் பெருகிய கெய்மன். அலிகேட்டர் குடும்பத்தைச் சேர்ந்தது என்பதால் 4-வது பல்லும் வெளியே தெரியாது, பல்லை மட்டும் பார்ப்பவர் குட்டி அலிகேட்டர் என்று தவறாகவே முடிவு கட்டுவார். படம் எடுத்து, இடத்தைக் குறித்து, அயல் உயிரினங்களைப் பற்றித் தகவல் கொடுக்கப் புளோரிடாவில் உள்ள 'ஐவ் காட் ஒன்' செயலியில் பதிவு செய்யுங்கள். பிடிக்கிற வேலை அவர்களுடையது.